குடை தியேட்டரும் அதைச் சுத்தி இருந்த பார்க்கிங்கும்

கலிஃபோர்னியால சான் ஹோசேல குப்பை கொட்டுற தமிழ்க் குடும்பம் எல்லாத்துக்கும் ஒரு சர்க்யூட் உண்டு. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்தா முதல் வாரம் கோயில், ரெண்டாவது வாரம் கோல்டன் கேட் பாலம், மூணாவது வாரம் எங்க கூட்டிட்டுப் போறதுன்னு புரியாம வின்செஸ்டர் மிஸ்டரி ஹவுஸ். துப்பாக்கிக் கம்பெனி வீட்டு மருமக, புருஷன் செத்ததுக்கப்புறம் 1886லேர்ந்து 1922ல தான் சாகுற வரைக்கும் நிறுத்தாம கட்டிக்கிட்டே இருந்தான்னு கதை சொல்ற வீடு, 160 ரூம், மாடிப்படில ஏறுனா கூரை இடிக்கும், கதவைத் திறந்தா சுவரு இருக்கும். டூர் முடிஞ்சு வெளிய வந்து அம்மா காலைத் தேய்ச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்க, அப்பா மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்னு "அது என்னடா அது, குடைய விரிச்சு வெச்ச மாதிரி?"ன்னு கேட்டாரு பாருங்க, அந்தக் குடையப் பத்தித்தான் இந்தப் போஸ்ட்.

செஞ்சுரி 21. 1964 நவம்பர்ல திறந்தது. வட்டமான கட்டடம், மேல பெரிய டோம், உச்சிலேர்ந்து ஓரம் வரைக்கும் குடைக்கம்பி மாதிரி கோடு கோடா இறங்கும். பக்கத்துலயே 1966ல அதோட தம்பி செஞ்சுரி 22, அடுத்த வருஷம் செஞ்சுரி 23. மூணையும் வரைஞ்ச ஆர்க்கிடெக்ட் வின்சென்ட் ரேனி, கட்டுனது ரேமண்ட் சைஃபி. இந்த நம்பர் விஷயம் எனக்கு ரொம்ப நாளா சிரிப்பு. அப்போ எல்லாருக்கும் 21ஆம் நூற்றாண்டு மேல ஒரு கிறுக்கு, 1962ல சியாட்டில்ல ஸ்பேஸ் நீடில்னு ஒரு கோபுரம் கட்டி நடத்துன உலகக் கண்காட்சிக்கே செஞ்சுரி 21னுதான் பேரு. சரி, எதிர்காலத்து தியேட்டர்னு சொல்ல 21னு பேரு வெச்சாச்சு, ஒத்துக்குறேன். அடுத்த தியேட்டர் கட்டுறப்போ என்ன பண்றது? 22ஆம் நூற்றாண்டு. அதுக்கடுத்தது 23. ரெண்டே வருஷத்துல ஒரு நூற்றாண்டு தாண்டிட்டாங்க.

முதல்ல அந்த இடத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா என்னைப் பொறுத்த வரைக்கும் இந்தத் தியேட்டரோட கதைல பாதி அந்த மண்ணோட கதைதான். இப்போ நாம சிலிக்கான் வேலின்னு சொல்ற இந்தப் பள்ளத்தாக்கு மொத்தமும் ஒரு காலத்துல பழத்தோட்டம், ஆப்ரிகாட்டு, ப்ரூனு, செர்ரின்னு, வசந்த காலத்துல மலை மேல ஏறிப் பார்த்தா வெள்ளை வெளேர்னு பூவா இருக்குமாம். 1950ல சான் ஹோசேல மொத்தமே 95 ஆயிரம் பேரு. அந்த வருஷம் ஏ.பி. ஹாமன்னு ஒருத்தர் ஊர் நிர்வாகத்தைப் பாக்குற சிட்டி மேனேஜரா வந்தாரு, எல்லாரும் டச் ஹாமன்னுதான் கூப்பிடுவாங்க, 1969 வரைக்கும் நாற்காலிய விடல. மனுஷனுக்கு ஒரே கொள்கை, பக்கத்துல இருக்குற தோட்டத்தை எல்லாம் ஊருக்குள்ள இழுத்துப் போடு, ரோடு போடு, வீடு கட்டு. கம்ப்யூட்டர் கம்பெனி ஐபிஎம் வந்துச்சு, பக்கத்து ஊர் சன்னிவேல்ல விமானக் கம்பெனி லாக்ஹீட் வந்துச்சு, 1970ல பார்த்தா நாலரை லட்சம் பேரு. இருவது வருஷத்துல நாலு மடங்குக்கு மேல.

இத்தனை பேரும் வீடு வாங்குனது டவுன்டவுன்லயா, கிடையாது. புறநகர்ல, ஆளுக்கொரு கராஜ், கராஜுக்கு ரெண்டு காரு. டவுன்டவுன் தியேட்டருக்குப் போனா கார் நிறுத்த இடம் கிடையாது. அதனால தியேட்டர் காரைத் தேடி வந்துச்சு. 1956ல வேலி ஃபேர் மால் வந்துருச்சு, அதுலேர்ந்து ரெண்டு சிக்னல் தள்ளி இந்த டோம். தோட்ட நிலம் சல்லிசா கிடைச்சதால தியேட்டருக்கு இவ்வளவு, பார்க்கிங்குக்கு அதைப் போல பல மடங்குன்னு வளைச்சுப் போட முடிஞ்சுது. மேலேர்ந்து பார்த்தா பெரிய தார்த் தட்டுல வெச்ச இட்லி மாதிரி இருக்கும்.

இன்னொன்னும் அந்த நேரத்துல சேர்ந்து அமைஞ்சுது. அமெரிக்கால 1948 வரைக்கும் பெரிய பெரிய ஸ்டூடியோக்களே தியேட்டரும் வெச்சிருந்தாங்க, படமும் அவங்களோடது கொட்டகையும் அவங்களோடது, நல்ல படம் எல்லாம் டவுன்டவுன்ல இருக்குற அவங்க மாளிகைலதான் முதல்ல வரும். சுப்ரீம் கோர்ட்டு அந்த வருஷம் பாரமவுண்ட் கேஸ்ல அதுக்கு ஆப்பு வெச்சுருச்சு, தியேட்டரை எல்லாம் பிரிச்சு விக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம்தான் சைஃபி மாதிரி தனி ஆளுங்களுக்கு ஒரு வழி திறந்துச்சு. அவரு ட்ரைவ்-இன் தியேட்டர் நிறைய வெச்சிருந்தவரு, அதாவது காருல வர்ற குடும்பத்துக்கு என்ன வேணும்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. (இந்தக் கம்பெனி மேல பின்னாடி லாஸ் வேகஸ்ல போட்டி தியேட்டரை எல்லாம் வாங்கி ஏகபோகம் பண்றாங்கன்னு அரசாங்கமே கேஸ் போட்டு, 1990ல அப்பீல் கோர்ட்டு கம்பெனி பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அந்தத் தீர்ப்பை எழுதுன ஜட்ஜ் அலெக்ஸ் கோசின்ஸ்கி, சீரியஸான சட்ட வாக்கியத்துக்கு நடுவுல 200 படத்தோட பேரை ஒளிச்சு வெச்சிருக்காருன்னு சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்சு சினிமாப் பைத்தியம் புடிச்ச ஒரே கோர்ட்டு டாக்குமென்ட் அதுதான், நேரம் இருந்தா தேடிப் படிங்க.)

சரி, ஏன் டோம்? செவ்வகமா ஒரு பெட்டி கட்டியிருந்தா செலவு கம்மிதானே?

அதுக்கு டிவி காரணம். 1950ல அமெரிக்கால நூறு வீட்டுல ஒம்போது வீட்டுலதான் டிவி, 1960ல 87 வீட்டுல. 1946ல உச்சத்துல இருந்த தியேட்டர் கூட்டம் அம்பதுகள் முடியுறதுக்குள்ள பாதியா கரைஞ்சு போச்சு. வீட்டுல சும்மா கெடைக்குறதை வெளிய காசு குடுத்துப் பாக்க யாரு வருவா, அதனால வீட்டுல வெக்கவே முடியாத ஒன்னைக் காட்டணும். 1952 செப்டம்பர் 30, நியூயார்க் பிராட்வே தியேட்டர்ல சினிரமான்னு ஒன்னு இறங்குச்சு. மூணு ப்ரொஜெக்டர் ஒரே நேரத்துல ஓடும், மூணும் சேர்ந்து ஒரு படம், திரை 146 டிகிரி வளைஞ்சிருக்கும். நம்ம கண்ணு ஓரத்துல தெரியுறது உட்பட எல்லாமே படம். நேரா முன்னாடி தெரியுறதை விட ஓரத்துல அசையுறதுதான் "நாம நகர்றோம்"னு மூளைக்குச் சொல்லும், அதனால திரைல ரோலர் கோஸ்டர் இறங்குனா சீட்டுல இருக்குறவன் வயித்தைப் புடிச்சுக்குவான்.

கண்டுபிடிச்சவரு ஃப்ரெட் வாலர். இவரு தனி கேரக்டர், தண்ணில சறுக்குற வாட்டர் ஸ்கீக்குப் பேட்டன்ட் எடுத்தவரும் இவருதான். ரெண்டாம் உலகப் போர்ல விமானத்துலேர்ந்து சுடுற ஆளுங்களுக்குப் பயிற்சி குடுக்க, அஞ்சு ப்ரொஜெக்டரை வெச்சு உருண்டையான திரைல எதிரி விமானம் எல்லாப் பக்கத்துலேர்ந்தும் வர்ற மாதிரி ஒரு மெஷின் பண்ணாரு. போர் முடிஞ்சதும் அந்த அறிவுலேர்ந்துதான் சினிரமா. இது தெரிஞ்ச நாள்லேர்ந்து அந்த இடத்தைத் தாண்டுறப்போ எல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும், இந்தப் பக்கம் துப்பாக்கி வித்த காசுல கட்டுன வீடு, அந்தப் பக்கம் துப்பாக்கி சுடப் பழக்குன மெஷினோட பேரப்புள்ள, நடுவுல ஒரு வேலி.

சினிரமா திரைய கிட்டப் போய்ப் பார்த்தா அது ஒரே துணி கிடையாதுங்க. ஆயிரத்து நூறு பட்டை, செங்குத்தா, ஜன்னல்ல போடுற ப்ளைண்ட்ஸ் மாதிரி ஒன்னு பின்னாடி ஒன்னா கட்டியிருக்கும். ஏன்னா அவ்வளவு வளைஞ்ச வெள்ளைத் திரைல இடது ஓரத்துல விழுற வெளிச்சம் எகிறி வலது ஓரத்துல போய் விழுந்து படத்தை வெளுத்துடும், பட்டை பட்டையா கட்டுனா அந்த வெளிச்சம் பட்டைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். எவ்வளவு சிம்பிளான ஐடியா. ஆனா மூணு ப்ரொஜெக்டர் சமாச்சாரம் தாங்கல, மூணு பிலிம்ல ஒன்னு அறுந்தா மூணும் தப்பாகும், படம் சேர்ற இடத்துல ரெண்டு கோடு எப்பவும் தெரியும். 1963லேர்ந்து ஒரே 70 எம்எம் பிலிம், ஒரே லென்ஸ்னு மாத்திட்டு பேரை மட்டும் சினிரமான்னே வெச்சுக்கிட்டாங்க. அந்த வருஷம் நவம்பர்ல ஹாலிவுட்ல சன்செட் பொலிவார்டுல சினிரமா டோம் திறந்தாங்க, அறுகோணமும் ஐங்கோணமுமா 316 கான்க்ரீட் துண்டை அடுக்கி, நாலே மாசத்துல. கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு நம்ம சான் ஹோசே டோம்.

இப்போ யோசிச்சுப் பாருங்க, திரை வளைஞ்சு உள்ள வருது, அதுக்கு ஏத்த மாதிரி சீட்டு வரிசையும் வளையணும், தூண் ஒன்னு கூட நடுவுல நிக்கக் கூடாது, பால்கனி வெச்சா மேல இருக்குறவனுக்குப் படம் கோணலாத் தெரியும். தூணே இல்லாம அவ்வளவு பெரிய கூடத்தை மூட டோம் நல்ல வழி. அழகுக்கு வெச்சதுன்னு பல பேரு நினைக்கிறாங்க, உள்ள இருக்குற திரையோட வளைவுதான் வெளிய குடையா வந்து நிக்குது. பழைய மாளிகை தியேட்டர்ல இருந்த பொம்மை, தங்க முலாம், பூ வேலை எதுவும் கிடையாது. அந்தக் காலத்து மாடர்ன் கட்டடக்காரங்க பேசுனதெல்லாம் இதுதான், உள்ள என்ன வேலையோ அது வெளிய தெரியணும். பெரிய பெரிய மியூசியத்துலயும் ஏர்போர்ட்டுலயும் பேசுன அந்தத் தத்துவம் ஒரு பார்க்கிங் லாட்டு நடுவுல, பாப்கார்ன் வாசனையோட, சாதாரண சனங்களுக்கு வந்து சேர்ந்துச்சு பாருங்க, அதுதான் எனக்கு இந்தத் தியேட்டர் மேல இருக்குற மரியாதை.

நான் வந்தது 2007ல. எச்1பி, ஒரு பெட்டி, மூணு ரூம்மேட். அந்த டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி ஷோவுக்குப் போனோம், மழை வேற. யார்கிட்டயும் ஸ்மார்ட்போன் கிடையாது, மேப்பை ஆபீஸ்ல பிரின்ட் எடுத்துட்டு வந்திருந்தோம், மேப்புல "டோம் தியேட்டர்"னு நானே பேனாவால வட்டம் போட்டிருந்தேன். டோமைப் பார்த்தோம், நிறுத்துனோம், இறங்கி ஓடுனோம், வாசல்ல டிக்கெட்டைக் கிழிக்கிற பையன் பார்த்துட்டு "இது 21, உங்களோடது 22"ன்னு கையக் காட்டுறான், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தா இருட்டுல இதே மாதிரி இன்னொரு குடை. "மச்சி, ரெண்டு இருக்குடா"ன்னு ஒருத்தன் கத்துனது இன்னும் காதுல இருக்கு. மழைல அந்த லாட்டைக் குறுக்கால ஓடிக் கடந்தோம். அவ்வளவு பெரிய லாட்டு, ஓடுறோம் ஓடுறோம் முடியவே இல்ல, சாக்ஸுக்குள்ள தண்ணி. படம் பத்து நிமிஷம் போயிருந்துச்சு.

அடுத்த வாரமே நான் மட்டும் 21க்குப் போனேன், விட்டதைப் புடிக்கணும்ல. சுமார் 950 சீட்டு உள்ள கூடம், மத்தியானம் ஷோ, இருந்தது முப்பது பேரு கூட இருக்காது. உள்ள நுழைஞ்சதும் முதல்ல தோணுனது, கூரை எங்க முடியுதுன்னு தெரியல. சாதாரண தியேட்டர்ல நாலு மூலை இருக்கும், கண்ணு போய் ஒரு மூலைல நிக்கும், இங்க மூலையே இல்லாததால கண்ணு சுத்திக்கிட்டே இருக்கும். யாரோ எங்கயோ இருமுனா அது பக்கத்து சீட்டுல இருமுன மாதிரி கேக்கும், டோம் அப்படித்தான், குவிஞ்ச கூரை சத்தத்தையும் குவிக்கும். நடு வரிசைல, நடு சீட்டுல உக்காந்தேன். லைட்டு அணைஞ்சப்போ மேல இருந்த அந்த இருட்டு ஒரு ராத்திரி வானம் மாதிரி இருந்துச்சு, அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல. முப்பது பேரும் ஒன்னா சிரிச்சோம்.

இப்போ சரிஞ்ச கதை.

நெட்ஃப்ளிக்ஸ் மேல பழியப் போடுறது ரொம்ப ஈஸி, அவங்க ஹெட் ஆபீஸும் பத்து பதினஞ்சு நிமிஷ ட்ரைவ்ல லாஸ் காட்டோஸ்லதான் இருக்கு, கதைக்கும் வசதியா இருக்கும். ஆனா சரிவு அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சுருச்சு, சொல்லப் போனா தியேட்டர் கட்டுறதுக்கு முன்னாடியே. 1963ல, அதாவது இந்த டோமுக்கு ஒரு வருஷம் முன்னாடி, கன்சாஸ் சிட்டில ஸ்டான்லி டர்வுட்னு ஒருத்தர் ஒரு ஷாப்பிங் சென்டர்ல ஒட்டி ஒட்டி ரெண்டு சின்ன தியேட்டரைக் கட்டி, ஒரே டிக்கெட் கவுன்டர், ஒரே பாப்கார்ன் மெஷின், ஒரே ஆளுங்களை வெச்சு ரெண்டு படம் ஓட்டிக் காட்டுனாரு. பின்னாடி ஏஎம்சின்னு பெரிய தியேட்டர் கம்பெனியா வளர்ந்தது அதுதான். அந்தக் கணக்குக்கு முன்னாடி எந்தக் குடையும் நிக்க முடியாது.

கணக்கு என்னன்னா, அப்போ எல்லாம் ஒரு படம் ஓடுற முதல் வாரம் டிக்கெட் காசுல பெரும்பங்கு ஸ்டூடியோவுக்குப் போயிரும், நாளாக நாளாகத்தான் தியேட்டர்காரன் பங்கு ஏறும். பழைய காலத்துல இந்த மாதிரி பெரிய தியேட்டர்ல மட்டும் ஒரு படத்தைப் போடுவாங்க, சுத்து வட்டாரத்துல வேற எங்கயும் ஓடாது, பாக்கணும்னா இங்கதான் வரணும், மாசக்கணக்குல ஓடும், தியேட்டர்காரனும் பொழைச்சான். 1975க்கு அப்புறம் ஒரே நாள்ல நூத்துக்கணக்கான தியேட்டர், அப்புறம் ஆயிரக்கணக்கான தியேட்டர்னு இறக்க ஆரம்பிச்சாங்க. எல்லாரும் முதல் ரெண்டு வாரத்துலயே பார்த்து முடிச்சுடுவாங்க. ஒத்தை ஸ்க்ரீன்காரன் கைல ஒரே படம், அது ஃப்ளாப் ஆனா அந்த மாசம் போச்சு. பத்து ஸ்க்ரீன் வெச்சிருக்குறவன் ஓடாத படத்தைச் சின்ன ரூமுக்குத் தள்ளிட்டு ஓடுற படத்தை மூணு ரூம்ல போடுவான்.

அதனால குடைகளையும் அந்தக் கணக்குக்குள்ள இழுத்தாங்க. 22 மூணு ஸ்க்ரீன் ஆச்சு, 23 ரெண்டு ஆச்சு. வட்டமா ஒரே கூட்டத்துக்குன்னு யோசிச்சுக் கட்டுன இடத்துல வெட்டு ஒட்டு வேலை எப்படி இருக்கும்னு நீங்களே நினைச்சுக்கோங்க, பெரிய தோசைய நாலாக் கிழிச்சு நாலு தட்டுல வெச்ச மாதிரிதான். ஆனா குறை சொல்ல முடியாது, அது பண்ணலேன்னா இன்னும் முன்னாடியே மூடியிருப்பாங்க. 21 மட்டும் ஏனோ தப்பிச்சுது, கடைசி வரைக்கும் ஒரே கூடம், ஒரே திரை. 1995ல டல்லஸ்ல 24 ஸ்க்ரீன் மெகாப்ளெக்ஸ் வந்துச்சு, சீட்டு படிக்கட்டு மாதிரி ஏறிக்கிட்டே போகும், முன்னாடி இருக்குறவன் தலை மறைக்காது. அப்படி உக்காந்து பழகுன சனம் சரிவான தரைக்குத் திரும்பி வருமா? 2006ல சைஃபி ஆரம்பிச்ச செஞ்சுரி தியேட்டர்ஸ் கம்பெனிய மொத்தமா இன்னொரு பெரிய தியேட்டர் கம்பெனி சினிமார்க் வாங்குச்சு. அப்புறம் டிஜிட்டல். பிலிம் பெட்டி போய் ஹார்ட் டிஸ்க் வந்துச்சு, 70 எம்எம்முக்குன்னு பொறந்த கூடத்துக்கும் மால்ல இருக்குற ரூமுக்கும் ஒரே ஃபைல்.

வின்செஸ்டர் ரோட்டுலயே இன்னொரு வேடிக்கையும் நடந்துச்சு. 1977ல, இந்தக் குடைகளுக்குக் கூப்பிடு தூரத்துல, அட்டாரி கம்பெனிய ஆரம்பிச்ச நோலன் புஷ்னெல் ஒரு பீட்சா கடை திறந்தாரு, உள்ள வீடியோ கேம், பேசுற எலி பொம்மை. அதுக்கு அவரு வெச்ச பேரு பீட்சா டைம் தியேட்டர். இன்னைக்கு நம்ம புள்ளைங்க பர்த்டேக்கு இழுத்துட்டுப் போற சக் ஈ சீஸோட முதல் கடை அதுதான். தியேட்டர்ங்குற வார்த்தை மட்டும் ரோட்டைத் தாண்டிப் போய் வேற ஒன்னா ஆகிருச்சு.

ஆனா இது எல்லாத்தையும் விட எனக்குப் பெருசாத் தெரியுறது எதிர்ல நடந்தது. 2002ல சான்டானா ரோ திறந்தாங்க. அதுக்கு முன்னாடி அங்க டவுன் அண்ட் கன்ட்ரி வில்லேஜ்னு தாழ்வான ஒரு ஷாப்பிங் சென்டர் இருந்துச்சு, அதுவும் பெரிய பார்க்கிங்கோட. அதை இடிச்சுட்டு கீழ கடை, மேல வீடு, நடுவுல நடைபாதைன்னு ஐரோப்பாத் தெரு மாதிரி செட்டு போட்டாங்க. கட்டி முடிக்குற நேரத்துல ஆகஸ்ட்ல ஒரு பெரிய தீ விபத்து, அதையும் தாண்டி நவம்பர்ல திறந்தாங்க. அன்னைலேர்ந்து ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்குற தார்த் தரை வெறும் தார்த் தரையா இல்ல. ஒரு பக்கம் ஒரு சதுரஅடிக்குப் பணம் கொட்டுது, இந்தப் பக்கம் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் காலியா வெயில்ல காயுற பார்க்கிங். நிலம் சல்லிசா இருந்ததாலதான் அந்தத் தியேட்டர் பொறந்துச்சு, நிலம் சல்லிசா இல்லாததாலதான் போச்சு. டோமுக்கு வயசானது எல்லாம் அப்புறம்.

நிலம் தியேட்டர் கம்பெனியோடது கிடையாது. அம்பது வருஷ லீஸ். 1964 ப்ளஸ் அம்பது எத்தனை? 2014.

அங்கதான் எனக்கு ரொம்பப் புடிச்ச சிக்கல் ஒன்னு வருது. அமெரிக்கால ஒரு கட்டடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியல்ல சேர்க்கணும்னா பொதுவா அம்பது வயசு ஆகியிருக்கணும், கட்டுன உருவம் பெருசா மாறாம இருக்கணும். அதே அம்பது. லீஸ் எந்த வருஷம் முடியுதோ அதே வருஷம் கட்டடம் "வரலாறு" ஆகுற வயசுக்கு வருது! பாக்கி ரெண்டும் 48, 47 வயசு, போதாததுக்கு மாத்தி வேற வெச்சாச்சு. ப்ரிசர்வேஷன் ஆக்‌ஷன் கவுன்சில்னு ஊர்ல பழைய கட்டடத்தைக் காப்பாத்துற ஒரு அமைப்பு, அவங்களும் இன்னும் நிறைய ஊர்க்காரங்களும் சேர்ந்து இழுத்துப் புடிச்சதுல தேசியப் பட்டியலுக்கு 21 தகுதியானதுன்னு முடிவாகி, கலிஃபோர்னியா மாநிலப் பட்டியல்லயும் ஏறிருச்சு. உருவத்தை மாத்தி நாலு காசு சம்பாதிச்ச தம்பிங்க போயிட்டாங்க, எதுக்கும் ஒத்துவராம ஒத்தையா நின்ன அண்ணன் பொழைச்சான். பொழைச்சான்னா, கட்டடம் பொழைச்சுது. படம் நின்னு போச்சு.

2014 மார்ச் 30, கடைசி நாள், ஞாயித்துக்கிழமை. நான் போகல. அன்னைக்கு எனக்கு ஆபீஸ்ல ஆன்-கால், அதாவது எது உடைஞ்சாலும் நான்தான் பாக்கணும், திங்கக்கிழமை சாஃப்ட்வேர் ரிலீஸ், ஒரு சர்வர் எந்திரிக்க மாட்டேன்னு அடம் புடிச்சுது, வீட்டுல லேப்டாப் முன்னாடி பன்னெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஃபேஸ்புக்ல ஃபோட்டோ வந்துக்கிட்டே இருந்துச்சு, டோமைச் சுத்திக் கூட்டம். அதுல பாதிப் பேரு எப்போ கடைசியா அங்க டிக்கெட் வாங்குனாங்கன்னு கேட்டா பதில் இருக்காது. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன், அப்போ நான் அங்க போய் வருஷம் ரெண்டு ஆச்சு.

அந்த ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போனது அப்பாவோட. மிஸ்டரி ஹவுஸ்லேர்ந்து குடையப் பார்த்துட்டு அவரு விடல, "அதுக்குள்ள போலாமாடா?"ன்னாரு. "இங்கிலீஷ் படம்பா, உங்களுக்குப் போரடிக்கும்." "படம் யாருக்குடா வேணும், உள்ள பாக்கணும்." அம்மா வர மாட்டேன்னுட்டாங்க, அவங்களை வீட்டுல விட்டுட்டு சாயங்கால ஷோவுக்குப் போனோம். உள்ள போய் உக்காந்ததும் மனுஷன் திரையப் பாக்கவே இல்ல, தலைய அண்ணாந்து டோமையே பார்த்துக்கிட்டிருந்தாரு. "எப்போ கட்டுனது?"ன்னாரு, 1964ன்னேன். "அட, நம்ம சஃபையர் கட்டுன வருஷம்டா"ன்னாரு. மவுன்ட் ரோடு சஃபையர் தியேட்டர், அவரு பேச்சுலரா மெட்ராஸ்ல இருந்த காலத்துல வாரத்துக்கு ஒரு தடவை போவாராம், இடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம் அவரு ஒரு வார்த்தை பேசல. சப்டைட்டில் கிடையாது, என்ன புரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. வெளிய வந்ததும் அவரு ஆச்சரியப்பட்டது தியேட்டரைப் பார்த்து இல்ல, பார்க்கிங்கைப் பார்த்து. இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வெச்சிருக்கானே, காசும் வாங்க மாட்டேங்குறானே, எப்படிடா கட்டுப்படியாகுதுன்னு கார்ல வர்ற வழி முழுக்கக் கேட்டுக்கிட்டே வந்தாரு. பேங்க்ல இருந்தவரு, சும்மா சொல்லல.

இப்போ அந்த இடத்துல சான்டானா வெஸ்ட்னு கண்ணாடி ஆபீஸ் கட்டடம் வந்தாச்சு. 22 இருந்த இடத்துல 22 இருந்ததுக்கு அடையாளமே கிடையாது. 21 மட்டும் நிக்குது, படம் இல்லாம, சுத்தி உசரமா எல்லாம் வந்துட்டதால சின்னதாப் போன மாதிரி. போன மாசம் அந்தப் பக்கம் போனப்போ ஒரு ஃபோட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன். ராத்திரி கூப்பிட்டாரு.

"பக்கத்துல இன்னொன்னு இருந்துச்சேடா?"

"இடிச்சுட்டாங்கப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, ஃபோட்டோவப் பெருசு பண்ணிப் பார்த்துக்கிட்டிருக்காருன்னு புரிஞ்சுது.

"அந்த கிரவுண்டு? வண்டி எல்லாம் இப்போ எங்க நிறுத்துறீங்க?"

"மாடிலப்பா. நான் நிறுத்துனது மூணாவது மாடி."